வந்தவர் மனசு நோகாமல் குடித்த மருந்துகள்

போன வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட் வைக்க இடமில்லாமல் போனது. உள்ளே இருந்ததெல்லாம் என் கணவரின் கல்லீரலுக்கு ஊர் கொடுத்த மருந்து. பச்சைச் சாறு, கறுப்புக் கஷாயம், மஞ்சள் பொடி, தேனில் ஊறிய ஏதோ ஒரு வேர், குளிர்பானப் பாட்டிலில் பெயர் தெரியாத பழுப்புத் தண்ணீர். ஒருநாள் தயிருக்குப் புரை ஊற்றி வைத்த கிண்ணத்தைத் தேடினால், அதன் தலைமேல் இரண்டு கட்டு வேப்பம்பட்டை உட்கார்ந்திருந்தது. அத்தனையையும் அள்ளி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கொட்டிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கொட்டவில்லை. கொட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

சூலூரில் எங்களுக்குச் சொந்தமாகப் பதினாறு தறி ஓடுகிறது. தறிச் சத்தத்திலேயே இருந்து பழகி எங்கள் தெருவில் எல்லோருக்கும் குரல் பெரிது, எனக்கு இன்னும் பெரிது. என் கணவர் மட்டும் தனி ரகம். வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட "அக்கட்டப் போங்க சாமி" என்றுதான் எழுப்புவார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்தபோது அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டியிருந்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, இந்த மாத்திரை கட்டியைக் கரைக்காது, வளராம பிடிச்சு வைக்கும். அவர் உடம்பு இருக்கிற நிலையில இதை விட்டா பெருசா வேற எதுவும் என் கையில இல்லை. எத்தனை நாள் இதைத் தாங்கறாரோ, அத்தனை நாள் நமக்கு." அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. மாத்திரை நின்றால் அவர் இல்லை.

மாத்திரையோ லேசுப்பட்டது இல்லை. மூன்றாம் வாரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியத் தொடங்கியது. வாயெல்லாம் புண். எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறதாம். வயிற்றுப்போக்கு ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. அத்தனை தடவையும் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போவார்.

எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். முன்பெல்லாம் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டுவந்தவர்கள் இப்போது மருந்தோடு வருகிறார்கள். ஆளுக்கொரு போன், போனுக்கொரு வைத்தியர். கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. "நாங்க இருக்கறப்பவே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவரும் குடிப்பார். குடித்துவிட்டு முகம் கோணாமல், "நெம்ப நல்லாருக்குதுங்க. ஒரு வாய் உள்ள போனதுமே வகுறு குளுகுளுன்னு ஆயிப்போச்சுங்க" என்பார். அவர்கள் முகம் மலர்ந்துவிடும். அடுத்த வாரம் பெரிய பாட்டிலாகக் கொண்டுவருவார்கள்.

இதில் முதலிடம் என் சொந்த அண்ணனுக்கு. அவர் வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மலையில் யாரோ ஒருவர் காட்டிக்கொடுத்த தழையை அவரே பறித்து, அவரே அரைத்து, பதினைந்து நாளுக்கொரு முறை பஸ் ஏறி வருவார். பேர் கேட்டால், "பேரச் சொன்னா பலிக்காதாம் அம்மணி" என்பார். தினம் காலையில் ஆறு மணிக்குப் போன் வேறு. "மாப்ள, குடிச்சீங்களா?" இவரும் எரிகிற கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சுப்போட்டேனுங்க மச்சான். அருமையா இருக்குதுங்க" என்பார்.

ஒரு தடவை அந்தச் சாறு வழியிலேயே புளித்துப் பொங்கி, கொண்டையூசி வளைவில் மூடி தெறித்து பஸ் கூரையில் அடித்திருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். என்ன ஏது என்று கேட்டவர்களிடம் அண்ணன், கேன்சருக்கு மருந்து என்று விவரம் சொல்லியிருக்கிறார். நாலு பேர் தங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டி ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்களாம், கண்டக்டர் உட்பட. "அதுனால இந்தத் தடவை அளவு கம்மி, கோவிச்சுக்காதீங்க மாப்ள" என்று வந்து நின்றார். சட்டையெல்லாம் பச்சை. என் கணவர், "அதுக்கென்னங்க மச்சான், நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டுதே" என்றார். நான் சமையல்கட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. நானும் விடிந்ததும் பாத்தியில் வளர்த்த கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். என் மருந்து மருந்து, மற்றவர்கள் கொடுப்பதுதான் தொல்லை என்பது என் கணக்கு.

டாக்டரிடம் போனால் நடக்கிற கூத்து வேறு. அறைக்கு வெளியே நண்டு நடை. கதவைத் திறந்ததும் பரிசு வாங்கப் போகிறவர் போல நிமிர்ந்து, பாதத்தை முழுசாக ஊன்றி நடந்துபோய் உட்காருவார்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா இருக்குதுங்க."

"வயித்துப்போக்கு?"

"சும்மா ஒண்ணு, ரெண்டு தடவைங்க. அது எப்பவும் உள்ளதுதானுங்க."

"கை, கால் எரிச்சல்?"

"வெயில் காலமில்லீங்களா." சொன்னது ஆடி மாதத்தில். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "நல்லாத் தாங்கறீங்க. அப்ப முழு அளவுக்குப் போயிரலாம்" என்று மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தோல் செருப்போடு வந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? எரியுதுன்னு சொன்னா என்னங்க?"

"பாவம் புள்ள, அது அத்தனை சிரமப்பட்டுப் படிச்சு மருந்து எழுதுது. நல்லால்லைன்னு மொகத்துக்கு நேரா எப்படிப் புள்ள சொல்றது? மனசு சங்கடப்படாதா?"

இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். அடுத்த தடவை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அவர் கண் மஞ்சளாகிவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லீரலுக்கான அளவுகள் எல்லாம் தாறுமாறாக ஏறியிருந்தன. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளரவில்லை.

"அப்ப இது மாத்திரையால ஆனது. இல்லேன்னா வேற ஏதோ உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். "மாத்திரைதான் காரணம்னா இனிமே அதை நான் கொடுக்கவே முடியாது. ஐயா, வேற எதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ. "பொய்ங்க டாக்டர்! ஃப்ரிட்ஜ் நெறைய வெச்சுக் குடிக்கறாருங்க! வயித்தால ஒம்பது தடவ போவுதுங்க! காலக் கழட்டிப் பாருங்க!" என்றேன். செருப்பை என்று சொல்ல வந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் அவர் பாதத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பிறகு என்னைக் கேட்டார். "வீட்டுல நீங்க என்னம்மா கொடுக்கறீங்க?"

"மோருங்க" என்றேன்.

ஆமாம், நான்தான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த மனுஷனைப் பொய்யன் என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தியவள், வாய் கூசாமல் மோர் என்றேன்.

மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும், ஒன்று விடாமல், எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் உட்காரும் சித்த மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்றார்.

தக்காளி வாங்குகிற பிளாஸ்டிக் கூடையில் எண்ணி அடுக்கினேன். இருபத்தி மூன்று உருப்படி. என் கீழாநெல்லி விழுதையும் ஒரு டப்பாவில் போட்டு அடியில் தள்ளினேன். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதுங்கம்மா."

"இது சாப்பாடு இல்லீங்க."

"பொறவு என்னங்க?"

"அதக் கேக்கத்தானுங்க உள்ள போறேன்."

அவர் ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வழிவிட்டார்.

சித்த மருத்துவர் ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, என்னைவிடப் பெரிய குரல். நோயாளியைப் படுக்கவைக்கும் கட்டிலில் செய்தித்தாளை விரித்து இருபத்தி மூன்றையும் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக மோந்தார், விரலில் தொட்டுத் தேய்த்தார். வாயில் மட்டும் வைக்கவில்லை. நாலாவது பாட்டிலிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதெல்லாம் யாருங்க சாப்பிடச் சொன்னது?"

"மூலிகை ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க" என்றார் என் கணவர்.

"ஒண்ணும் பண்ணாதுன்னா அது மருந்தே இல்லீங்களே! நான் எட்டு வருசம் ஒண்ணும் பண்ணாததயா படிச்சுப்போட்டு வந்திருக்கறேன்? ஏற்கெனவே நொந்துபோன ஈரலுங்க இது. அதுமேல ஊர்ல இருக்கற தழையெல்லாம் கொட்டுனா அது என்னங்க பண்ணும்?"

பன்னிரண்டாவதாக ஒரு அகலமான பாட்டில். அதை மோந்தவர் நிறுத்திவிட்டு என் கணவரை உற்றுப் பார்த்தார். "இத என்னங்க பண்றீங்க?"

"காலைல ஒரு ஸ்பூனுங்க. ரெண்டு மாசமா."

"குடிக்கறீங்களா?"

"குடிச்சுப்போட்டுத்தானுங்க மத்ததெல்லாம்."

"இது கரிசலாங்கண்ணித் தைலங்க. தலைக்குத் தேய்க்கற எண்ணெய்."

அது என் கணவரின் அக்கா, எனக்கு நங்கை, கொண்டுவந்தது. அங்கிருந்தே போன் போட்டேன். "ஏனுங்க நங்கை, நீங்க குடுத்த அந்த எண்ணெய்..."

"அது உனக்குக் கொண்டாந்தது அம்மணி, முடி கொட்டுதுன்னு சொன்னியல்லொ" என்றார். "நான் பைய விட்டு எடுக்கறதுக்குள்ள தம்பி வாங்கி ஒரு வாய் குடிச்சுப்போட்டு, நெம்ப நல்லாருக்குதுக்கான்னு சொல்லீருச்சு. அத்தன சந்தோசமாக் குடிச்ச புள்ளைகிட்ட, அது தலைக்குடான்னு எப்படிச் சொல்றது? மனசு நொந்துக்காதா? அடுத்த தடவையும் அதையே கொண்டான்னு சொல்லுச்சு, கொண்டாந்தேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கேன்சர் டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சித்த மருத்துவர் சிரிக்கவில்லை. என் கணவர் என்னைப் பார்த்து, "அதான் அடி நாக்குல ஒட்டுச்சு" என்றார். அன்றைக்கு அந்த அறையில் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. சிரித்து முடித்ததும் டாக்டர் மேசையில் கிடந்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் கண்ணில் பட்டது.

சித்த மருத்துவர் இருபத்தி மூன்றாவது டப்பாவுக்கு வந்தார். "இது யார் குடுத்தது?"

"நானுங்க" என்றேன். "டாக்டர்கிட்ட மோருன்னு சொன்னேனுங்க. மோரும் அதுல இருக்குதுங்க."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எது ஈரலைக் கெடுத்தது என்று உறுதியாகச் சொல்லவே முடியாது என்றார். மலைத் தழையாக இருக்கலாம், கலவையாக இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தி, அளவுகள் இறங்கினபிறகு, மாத்திரையை மட்டும் பாதி அளவில் தொடங்கிப் பார்ப்பது என்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்து பேசி முடிவு செய்தார்கள். மறுபடி ஏறினால் குற்றவாளி மாத்திரை, கதை முடிந்தது. ஏறாவிட்டால் மாத்திரை தப்பித்தது, அவரும் தப்பித்தார்.

"அதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றார் சித்த மருத்துவர். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "இனி என்ற காதுல 'நல்லாருக்குதுங்க'ன்னு உழுந்துச்சு, உங்களுக்கு நான் வைத்தியமே பாக்கமாட்டேன்" என்றார்.

"சரீங்க" என்றார் இவர்.

வீட்டு வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். "தயவு செய்து மருந்து எதுவும் கொண்டுவர வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். "நல்ல காரியம் பண்ணுன அம்மணி, கண்டவங்க கண்டதையும் கொண்டாந்து குடுத்துப்போடறாங்க" என்று பாராட்டிக்கொண்டே பைக்குள் கையை விட்டார்கள். அட்டை மற்றவர்களுக்காம். நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணனை மறிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்த மனுஷன். இரத்தப் பரிசோதனை விவரத்தைச் சொன்னேன். "அப்ப என்ற மருந்துதான் மாப்ளயக் கொன்னுபோடும்ங்கறயா?" என்றார்.

"எனக்குத் தெரியலீங்ணா. உங்க மருந்தா என்ற மருந்தான்னு டாக்டருக்கே தெரியல."

அவர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தார். பிறகு வாசலோரத்து வேப்பமரத்தடியில் ஊற்றினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். மறுநாள் ஆறு மணிக்குப் போன் வந்தது. "மாப்ள, ஒண்ணும் குடிக்கலீல்ல?"

மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கியது. பாதி மாத்திரை தொடங்கினார்கள். கை, காலுக்கு டாக்டர் ஒரு களிம்பும், அவர் சம்மதத்தோடு சித்த மருத்துவர் மருதாணிப் பூச்சும் எழுதிக் கொடுத்தார்கள். கலப்படமில்லாத இலைப்பொடிதான் வேண்டுமென்று சொல்லியிருந்ததால், நானே டவுனுக்குப் போய்ப் பழைய நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்கார பாய், "வூட்டுல கண்ணாலமுங்களா?" என்றார்.

"இல்லீங்க பாய், எங்க ஊட்டுக்காரருக்குங்க."

அவர் ஒரு நொடி தயங்கினார். சீட்டைக் காட்டியதும் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, முன்னால் இருந்த பாக்கெட்டை உள்ளே வைத்தார். "இதுல கலர் சேர்ந்திருக்குதுங்க. உங்களுக்கு வேற தாரேன்" என்று உள்ளேயிருந்து எடுத்துக்கொடுத்தார்.

அந்த வாரமே நெருங்கின சொந்தத்தில் ஒரு கல்யாணம். போகாவிட்டால் அவர்கள் மனசு நோகுமாம், கிளம்பிவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு, வெள்ளை வேட்டி, உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேல். மண்டபத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். எந்தக் கடைப் பொடி, எத்தனை நேரம் வைத்தீர்கள், எலுமிச்சை பிழிந்தீர்களா என்று ஒரே விசாரணை. மணப்பெண்ணே மேடையிலிருந்து கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மாமா கைக்குத்தான் நல்லாப் புடிச்சிருக்குது" என்றாள். அவர் கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் காட்டினார். எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. நேராக நடந்து பந்திக்குப் போனார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்புவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அளவுகள் ஏறவில்லை.

"மாத்திரை தொடரலாம்" என்றார். "ஆனா அளவை முடிவு பண்ணணும்னா எனக்கு உண்மை வேணும் ஐயா. எப்படி இருக்கீங்க?" கீழ்த்தளத்திலிருந்து வந்திருந்த சித்த மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். எதற்கோ மன்னிப்புக் கேட்பதுபோல டாக்டரைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, நல்லால்லீங்க" என்றார்.

அப்புறம் நிற்கவே இல்லை. வாய்ப்புண், வயிறு, விரல் மடக்கினால் வலி, தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட முடியாதது, சாப்பாட்டைப் பார்த்தாலே வருகிற குமட்டல், அண்ணன் மருந்தின் நாற்றம், எண்ணெயின் வழவழப்பு, டாக்டர் அறையில் ஏசி அதிகம் என்பது வரைக்கும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். "பயமா இருக்குதுங்க" என்றார். "சாகறதுக்கில்லீங்க, அது எல்லாருக்கும் உள்ளது. இவள உட்டுப்போட்டுப் போறதுக்குத்தான்." டாக்டரின் பேனா நின்றது. என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொல்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் என் முதுகைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். "அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்னங்க, கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்."

"இல்லீங்க டாக்டர்" என்றார் என் கணவர். "ஆடியிலிருந்து ஒரு நேரந்தான் சாப்பிடறா. கீழாநெல்லி பாத்தி மொத்தத்தையும் வேரோட புடுங்கி எறிஞ்சுபோட்டா. தண்ணிக் குழாயத் தொறந்து உட்டுப்போட்டு குளியலறைக்குள்ள நின்னு அழுவறா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கறா. இவளுதையும் எழுதிக்குங்க."

என் வாய்க்குப் பயந்து முப்பத்தொரு வருஷம் வாயைத் திறக்காத ஆள் என்று ஊரே நினைத்திருந்தது, நானும் நினைத்திருந்தேன். டாக்டர் இழுப்பறையைத் திறந்து புதிதாக ஒரு சீட்டை எடுத்து, என் வயசு என்ன என்று கேட்டார்.